பீஹூன் மூடி திறக்கிற நேரம்

வா பேராண்டி, உக்காரு. பூட்ஸை வாசல்லயே கழட்டிடு. சேறு உள்ள வந்தா உன் பாட்டி உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டா, என்னையத்தான் கூட்டச் சொல்லுவா.

கேள்விப்பட்டேன். நம்ம ஊர் மண்டபத்து டேவான் கமிட்டிக்கு உன்னையச் செயலாளரா போட்டுட்டாங்களாமே! எப்படிப் போட்டாங்கங்கிறதும் காதுக்கு வந்துச்சு. "செயலாளருக்கு யாரு?"ன்னு தலைவர் கேக்குறப்ப நீ கைப்பேசியைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்க. சிரிச்ச வாயைப் பாத்து இவனுக்குச் சம்மதம்னு எழுதிட்டாங்க. கவலைப்படாத. கெமரன் மலை லெம்பா பெர்த்தாம்ல செயலாளர் ஆனவன் எல்லாம் இப்படி ஆனவன்தான். நானும் 3 வருஷம் இருந்தேன். அன்னிக்கு எனக்கு ஒரு தும்மல் வந்துச்சு. மூக்கைப் பொத்தக் கையைத் தூக்கினேன். எல்லாரும் கை தட்டிட்டாங்க.

சரி, நோட்டீஸ் எழுதிட்டியா? காட்டு. "கூட்டம் இரவு மணி 8க்கு மிகச் சரியாகத் தொடங்கும்." ஏண்டா, "மிகச் சரியாக"ன்னு போட்டு மையை வீணாக்குற? நம்ம ஊருக் கடிகாரம் சுவத்துல இல்ல, லோரியில இருக்கு. கோஸும் தக்காளியும் சாவிக் கீரையும் பெட்டியில ஏறி, லோரி ரிங்லெட் தாண்டித் தாப்பா இறக்கத்துல இறங்கினாத்தான் இங்க இருக்கிறவனுக்குக் காதே கேக்கும். செலாயாங் பசார் போரோங்குக்குச் சரக்கு ராத்திரியே போய்ச் சேரணும். இல்லாட்டி வாடின காய்க்கு வாடின விலை. சிங்கப்பூர் போற லோரிக்கு இன்னும் அவசரம். அதனால நீ 8ன்னு போட்டா தவுக்கேமாருங்க 9க்கு வருவாங்க. தவுக்கே வந்துட்டாரான்னு எட்டிப் பாத்துட்டு நம்மாளுங்க ஒன்பதேகாலுக்கு வருவாங்க. எல்லாரும் வந்துட்டாங்களான்னு ஆள் விட்டுக் கேட்டுட்டுத் தலைவர் ஒன்பதரைக்கு வருவாரு. பூர்வகுடி ஓராங் அஸ்லிக்காரங்க மட்டும் ஏழேமுக்காலுக்கே வந்து படிக்கட்டுல உக்காந்திருப்பாங்க, பாவம். நம்ம பழக்கத்தை அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை.

உக்கார்ற இடம் முக்கியம், கேட்டுக்க. முன்வரிசைக்குப் போயிடாத. அங்க நாற்காலிக்கு வெள்ளைத் துணி போத்தி, வில் மாதிரி ஒரு முடிச்சு வேற போட்டிருப்பாங்க, நாற்காலிக்குக் கல்யாணம் மாதிரி. அதுல உக்காந்தவன் கொட்டாவி விட முடியாது. எல்லாத்துக்கும் கை தட்டணும். மறுநாள் படம் வந்தா உன் வாயி பாதி தொறந்திருக்கும். நடுவரிசை தூங்குறவங்களுக்கு. அவங்க பரம்பரையா அங்க தூங்குறாங்க, எழுப்பாத. கடைசி வரிசை சிகரெட்டுக்கு எழுந்து போறவங்களுக்கு. உனக்குச் சரியான இடம் பின்பக்கம், அடுப்படிக் கதவு. கதவு பாதி தொறந்திருக்கும். ஒரு காது மைக்குக்கு, ஒரு காது சட்டிக்கு. மைக்குல "விவசாயிகளின் நலன்"னு கேக்கும். சட்டிப் பக்கம், இந்த வாரம் எந்தத் தவுக்கே தக்காளிக்கு எத்தனை வெள்ளி குறைச்சான், எவன் கொல்லையில நேப்பாளித் தம்பி சம்பளம் வராம கெளம்பிட்டான், பிளாஸ்டிக் கொட்டகைக்கு எவன் கடன் சொல்லி வாங்கினான்னு வரிசையா வரும். உங்க பாட்டி வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்றதை எழுதி வெச்சாலே ஒரு வருஷ மினிட்டு ஆயிடும். ஆனா எழுதிடாத. வீட்டுல சோறு கெடைக்காது.

அடுத்தது மொழிபெயர்ப்பு. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அதிகாரி மலாய்ல பேசுவாரு, 10 நிமிஷம், அடுக்கடுக்கா. சீனத்துல சொல்ற ஆளு 3 நிமிஷம் சொல்லுவாரு, நடுவுல சீனக் கெழவிங்க ரெண்டு கேள்வி கேட்டுடுவாங்க. நம்மாளு எழுந்து தொண்டையைச் செருமிட்டு, "உரம் அடுத்த மாசம்"னு சொல்லிட்டு உக்காந்துடுவாரு. மூணுல எது உண்மையான மொழிபெயர்ப்புன்னு கேக்குறியா? நம்மாளுதான். அதிகாரி சொன்னதே அவ்வளவுதான்.

இந்தக் கூட்டம் நடக்குற விதம் எனக்கு எங்கப்பா வேலை பாத்த ஃபேக்டரியை ஞாபகப்படுத்தும். நான் தேயிலைக் காட்டுல பொறந்தவன், உனக்குத் தெரியும். எங்க தாத்தாவைக் கங்காணி "வா, வா"ன்னு கூட்டியாந்தாரு. வந்து எறங்கின மலையில தோட்டத்துப் பேரு "போ"! 1929ல ரஸ்ஸல் துரை ஆரம்பிச்ச தோட்டம். வான்னு கூட்டியாந்து போன்னு பேரு வெச்ச ஊருல பொறந்ததாலதானோ என்னமோ, நம்ம ஆளுங்க கூட்டத்துக்கு வந்ததும் கெளம்பிடுறாங்க. அது கெடக்கட்டும். பச்சை இலை வந்ததும் முதல்ல வாட்டப் போடுவாங்க. அப்புறம் உருட்டி நசுக்குவாங்க. நிறம் மாறுற வரைக்கும் பரப்பி வெப்பாங்க. சூடு காட்டிக் காய வெப்பாங்க. கடைசியில சல்லடை. நாலஞ்சு கிலோ இலைக்கு ஒரு கிலோ தூளு தேறும். கூட்டமும் அதே வேலைதான். வரவேற்புரையில ஆளை வாட்டுவாங்க. தலைவர் உரையில உருட்டுவாங்க. கணக்கறிக்கை வாசிக்கிறப்ப நிறம் மாறும், கேக்குறவன் முகமும் சரி, வாசிக்கிறவன் முகமும் சரி. கேள்வி நேரம்தான் சூடு. சல்லடை யாரு தெரியுமா? நீதான். ஃபேக்டரியில சலிச்சா நல்லது தனியா நிக்கும், தூசி தனியா விழும். நம்ம டேவான்ல நல்லது காத்துல போயிடும், தூசி மினிட்டுல தங்கும்.

இதுல இன்னொரு கொடுமை. சுத்தி எங்க பாத்தாலும் தேயிலை மலை. டேவான்ல குடுக்குறது சுடுதண்ணியும் மூணும் ஒண்ணாக் கலந்த பாக்கெட்டுத் தூளும். கேட்டா, "தாத்தா, கலக்க வசதி"ங்கிறீங்க. மீன் புடிக்கிறவன் வீட்டுல சார்டின் டின்னு தொறந்த கதை.

கூட்டம்னா என்னன்னு நான் முதல்ல பாத்தது பெரட்டுக் களத்துல. விடியக்காலையில இருட்டு, பனி, கூடை. நாற்காலி கெடையாது, கிராணி பேரு கூப்பிடுவாரு, "இருக்கேன்"னு சொல்லணும். அவ்வளவுதான் பேச்சுரிமை. 1954ல தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்தப்புறம்தான் "இருக்கேன்"கிறதுக்கு மேல ரெண்டு வார்த்தை பேசலாம்னு தெரிஞ்சுதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. அப்புறம் 1960. துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சாரு. வெள்ளைக்காரங்க தோட்டத்தைத் துண்டு போட்டு வித்துட்டுக் கெளம்புற காலம். தொழிலாளியே சேந்து தோட்டத்தை வாங்கணும்னு அவரு தோட்டம் தோட்டமாப் போய்ப் பேசினாரு. மந்திரி வந்து மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துல நின்னு பேசுற காலம் அது. பங்கு நூறு வெள்ளி, பத்துப் பத்தாக் கட்டலாம். அந்தக் கூட்டத்துல பீஹூன் கெடையாது, லக்கி டிரோ கெடையாது. வெறுந்தேத்தண்ணி. ஆனா வந்தவன் வீட்டுக்குப் போறப்ப பையில இருந்து பத்து வெள்ளி கொறைஞ்சிருக்கும். நம்ம கூட்டத்துல வந்தவன் போறப்ப பை வீங்கியிருக்கும், தப்பாவ் பண்ணின பொட்டலத்துல. இதைச் சொன்னா நீ மூஞ்சியைத் தூக்குவ. நானும் தப்பாவ் பண்றவன்தான், ஒத்துக்குறேன். சம்பல் தனியாக் கட்டச் சொல்லுவேன்.

கணக்கு வழக்கைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்றேன். பொருளாளர் பேச்சைக் கேளு, ஆனா ரெசிட்டை நீ வாங்கி வெச்சுக்க. ஏன்னு கேளு. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை, தாய்லாந்துப் பட்டு வியாபாரம் பண்ணின ஜிம் தாம்சன்ங்கிற அமெரிக்கரு தானா ராத்தா பக்கம் ஒரு பங்களாவுல இருந்து சும்மா நடந்து போனாரு, ஆளே காணோம். போலீசு, பட்டாளம், அஸ்லிக்காரங்க, மந்திரவாதின்னு மலையையே சல்லடை போட்டாங்க. இன்னி வரைக்கும் ஒரு பொத்தான்கூடக் கெடைக்கலை. நாங்க பொடிப்பசங்க, தேடப் போறோம்னு சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டோம். அப்புறம் நம்ம பக்கம் ஒரு கமிட்டியில ஒருத்தர், எந்தக் கமிட்டி, யாருன்னு கேக்காத, கேனப்பிப் பந்தல் வாடகைக் காசோட சிகரெட்டு வாங்கக் கெளம்பினாரு. அவரையும் காணோம். ஜிம் தாம்சனைத் தேட நூத்துக்கணக்குல ஆளு போச்சு. இவரைத் தேட ஒரே ஒரு ஆளு போனான், கேனப்பிக்காரன்.

வருஷத்துக்கு ஒரு தரம் பெலாடாங் மெஷுராட் வரும். விவசாயிகள் அமைப்புக்குன்னு 1973ல சட்டம் வந்து, அதுல இருந்து நடக்குறது. ஊர் ஊரா யூனிட்டு, யூனிட்டுக்குப் பேராளரு, பேராளருங்க கூடி இயக்குநரைத் தேர்ந்தெடுக்கணும். கேக்க எவ்வளவு அழகா இருக்கு! நம்ம கையில இருக்குற பொருளு அது. ஆனா நம்மாளு மெஷுராட்டுக்குப் போயிட்டு வந்தா என்ன கேப்பான்? "உரத்துக்கு என்ன சொன்னாங்க?"ன்னா? "என்ன குலுக்கல்ல விழுந்துச்சு?"ன்னுதான். எனக்கு 4 வருஷமாக் குடை விழுந்துச்சு. மழை பெய்யுற ஊருல குடை நல்லதுதான். ஆனா கொல்லைக்குப் போறவனுக்கு ரெண்டு கையும் வேணுமேடா, குடையை எதுல புடிப்பான்? ஒரு தடவை முதல் பரிசு மருந்தடிக்கிற பம்பு. அது யாருக்கு விழுந்துச்சுன்னு நெனைக்கிற? கொல்லையை வித்துட்டு ஈப்போவுல மகன் வீட்டுல இருக்குற ஆளுக்கு. பூச்செடிக்கு வெச்சுக்கிறேன்னு வாங்கிட்டுப் போனாரு.

பெரிய மனுஷங்க வர்ற கூட்டம் தனி. குவாந்தான்ல இருந்து வர்றவரு வளைவு வளைவா வந்து பச்சை முகத்தோட எறங்குவாரு. அந்த நேரத்துல நீ போய்க் கோரிக்கை மனுவை நீட்டாத. ஒரு இஞ்சித் தண்ணி குடு. மனு தானா வாங்கப்படும். அதைவிடத் தேர்தல் காலம் இருக்கே! 2018 பொதுத்தேர்தல்ல நம்ம கெமரன் மலைத் தொகுதியில வந்த முடிவைத் தேர்தல் நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. 2019 ஜனவரி 26ல இடைத்தேர்தல். அந்த ஒரு மாசம் டேவான் சாவி ஆணியில தொங்கவே இல்ல. காலையில ஒரு கட்சி, மத்தியானம் ஒரு கட்சி, சாயங்காலம் எந்தக் கட்சின்னு தெரியாம ஒரு கட்சி. எல்லாருக்கும் சாலை, எல்லாருக்கும் நிலம், எல்லாருக்கும் கறிபாப். உன் பாட்டி ஒரே நாள்ல மூணு கலர் துண்டு கொண்டாந்தா. இன்னும் அடுப்படியில சட்டி எறக்க அதுதான் ஓடுது. கடைசியில ஜெயிச்சவரு ரம்லி முகமட் நோர். நாட்டோட மக்களவைக்குத் தேர்தல்ல ஜெயிச்சுப் போன முதல் ஓராங் அஸ்லி அவருதான். ஏழேமுக்காலுக்கே வந்து படிக்கட்டுல உக்காந்திருந்தாங்கன்னு சொன்னேனே, அவங்க வீட்டுப் பிள்ளை. நாம ஒன்பதேகாலுக்கு வந்து நாற்காலி தேடிக்கிட்டு இருந்தோம்.

தேத்தண்ணி ஊத்திக்க. இப்பச் சொல்லப் போறதுக்குச் சிரிக்காத.

2013 அக்டோபர் 22 ராத்திரி, 23 விடியறதுக்கு முன்னால. மழை ஊத்து ஊத்துன்னு ஊத்தி, மேல சுல்தான் அபு பக்கார் அணை ஏரி நெறைஞ்சு, தண்ணி திறந்துவிட்டு, பெர்த்தாம் ஆறு சேறா வந்துச்சு. தண்ணின்னா ஓடும். சேறு ஓடாது பேராண்டி, நடக்கும். நிதானமா நடந்து வந்து கதவைத் தள்ளும். காரைத் தூக்கிச் சுவத்துல சாத்தும். உயிரு போச்சு, வீடு போச்சு. அன்னிக்குக் கூட்டத்துக்கு யாரும் நோட்டீஸ் எழுதலை. டேவான் கதவு தொறந்து கெடந்துச்சு. யாரு சாவி கொண்டாந்தான்னு இன்னி வரைக்கும் தெரியாது. சீனப் பாட்டி ஒருத்தி ஒண்ணுமே எடுக்காம அரிசி சட்டியை மட்டும் கட்டிப் புடிச்சுக்கிட்டு வந்தா. உள்ள பாதி வெந்த சோறு. ஒரு நேப்பாளித் தம்பி கேஸ் தோம்பைத் தோள்ல போட்டுக்கிட்டு இடுப்பளவு சேத்துல நடந்து வந்தான். அது அவன் வீட்டுத் தோம்பு இல்ல, அவன் மொதலாளி வீட்டுது. அஸ்லி அண்ணன் ஒருத்தரு மரவள்ளிக் கெழங்கு மூட்டையை வாசல்ல வெச்சுட்டு மறுபடியும் இருட்டுல இறங்கிப் போனாரு. வெள்ளைத் துணி போத்தின நாற்காலி முழுக்கச் சேத்துக் கொழந்தைங்க. நடுவரிசையில யாரும் தூங்கலை. மைக்கு இல்ல, தலைவர் இல்ல, மொழிபெயர்ப்பு இல்ல. உன் பாட்டி "தண்ணி"ன்னு சொன்னா எல்லா மொழிக்காரனுக்கும் புரிஞ்சுது. நான் டேவான் சுவத்துல கரியால ஒரு கோடு போட்டு வெச்சேன், சேறு ஏறின மட்டம். அடுத்த வருஷம் விருந்தாளி வர்றாங்கன்னு சாயம் அடிச்சு மறைச்சுட்டாங்க. சாயம் என்ன கலர் தெரியுமா? பச்சை. "பசுமை கெமரன்"னு மேல எழுதினாங்க.

அதுக்கப்புறம் கூட்டம் கூட்டமாப் போட்டோம். அணையைப் பத்திப் பேசினோம், சைரனைப் பத்திப் பேசினோம், அந்த ஆபீஸு, இந்த ஆபீஸுன்னு பேசினோம். பேச வேண்டியதுதான், தப்பில்ல. உயிரு போனவன் வீட்டுக்காரன் கேக்காம வேற யாரு கேப்பான்? ஆனா அந்த ஏரி ஏன் அவ்வளவு சீக்கிரம் நெறைஞ்சுதுன்னு ஒருத்தன் வாயைத் தொறக்கலை. 1960கள்ல அந்த அணையைக் கட்டினப்ப ஏரி ஆழமா இருந்துச்சு. அந்தத் தண்ணிதான் மலைக்குள்ள சுரங்கம் வழியாப் பேராக் பக்கம் இறங்கி மின்சாரம் சுத்துது. இன்னிக்கு ஏரியில பாதி மண்ணு. தோண்டத் தோண்ட வருது. எங்க இருந்து வருது? வானத்துல இருந்தா? மேல சரிவுல மரத்தை வெட்டி, மொட்டை அடிச்சு, தளம் கட்டி, பிளாஸ்டிக் போத்தி, மழைத் தண்ணிக்கு ஒரு வாய்க்கால்கூட வெட்டாம விட்டோமே, அந்த மண்ணுதான். என் கொல்லை மண்ணும் அதுல இருக்கு. நான் 2 ஏக்கர் தக்காளி போட்ட காலத்துல ஒவ்வொரு மழைக்கும் ஒரு அங்குலம் கீழ போச்சு. "கல்லுக் கட்டு"ன்னு உன் பாட்டி சொன்னா. நான் என்ன சொன்னேன்? "டி.ஓ.எல். உரிமம் டிசம்பர் 31 வரைக்கும்தான். ஜனவரியில யாரு கையில இருக்குமோ, எவன் கல்லுக் கட்டுவான்?"னேன்.

அது ஞாயமான பேச்சுதான். வருஷா வருஷம் புதுப்பிச்ச தற்காலிக உரிமத்துல கல்லுக் கட்டினவன் பைத்தியக்காரன். நிலத்தை நெலையாக் குடுக்காத வரைக்கும் சரிவு நெலையா நிக்காதுன்னு நானே மேடையில பேசி, கைதட்டு வாங்கியிருக்கேன். ஆனா டேய், ஜனவரி 1ஆம் தேதியும் நான்தானே அந்தக் கொல்லையில நின்னேன்? அடுத்த ஜனவரியும்? முப்பது ஜனவரி நின்னேன். முப்பது வருஷம் தற்காலிகமா இருந்தவன் நான் ஒருத்தன்தானா? இந்தப் பள்ளத்தாக்கே தற்காலிகமாத்தான் கெழவன் ஆயிருக்கு.

2020 மார்ச்சுல நடமாட்டக் கட்டுப்பாடு வந்துச்சு, டேவானுக்குப் பூட்டு. கோஸும் தக்காளியும் வாங்க ஆளில்லாம கொட்டினதை நீயும் பாத்த. அதைப் பத்தி 11 மினிட்டு எழுதியிருக்காங்க, எடுத்துப் பாரு. அதே அலமாரியில 2013க்கு அப்புறம் நடந்த எல்லாக் கூட்டத்து மினிட்டும் இருக்கு. சாலை இருக்கு, விலை இருக்கு, உரம் இருக்கு, வங்காளத் தம்பிங்க பெர்மிட்டு இருக்கு. "நம்ம மண்ணு எங்க போச்சு"ங்கிற வரி மட்டும் ஒரு பக்கத்துலயும் இல்ல. நிகழ்ச்சி நிரல்ல கடைசியில "இதர விஷயங்கள்"னு ஒண்ணு போடுவீங்கல்ல, அதுல கேக்கலாம்னு நான் நாலு தடவை நெனைச்சேன். இதர விஷயம் வர்றதுக்குள்ள பீஹூன் வந்துடும். பீஹூன் வந்தா இதர விஷயம் ஏது?

அங்கதான் உனக்கு ஒரு வித்தை சொல்லித் தரேன். கிட்ட வா, பாட்டி காதுல விழக்கூடாது.

நான் செயலாளரா இருந்தப்ப, டேவானுக்குப் பின்னால ஒரு சாக்கடை. வீட்டுக்கு ஒரு ஆளு ஞாயித்துக்கிழமை வந்தாப் போதும், கோத்தோங் ரோயோங்ல அரை நாள்ல சுத்தம் பண்ணிடலாம். மூணு கூட்டத்துல வெச்சேன். முதல் கூட்டத்துல "பாக்கலாம்"னாங்க. ரெண்டாவதுல "துணைக்குழு போடலாம்"னாங்க. மூணாவதுல துணைக்குழு வரலை. நாலாவது கூட்டத்துல வாயே தொறக்கலை. அடுப்படிக் கதவுப் பக்கம் நின்னேன். உள்ள பீஹூன் சட்டி. உனக்குத் தெரியுமே, வெங்காயம், காஞ்ச மொளகாய், நெத்திலி எல்லாம் வதங்கி மூடி போட்டு வெச்சிருந்தா எப்படி இருக்கும்னு. நன்றியுரைக்காரரு எழுந்து பேப்பரைப் பிரிக்கிற நேரம், நான் கண்ணைக் காட்டினேன், உள்ள மூடியைத் தொறந்தாங்க. வாசம் ஒரு சுத்து சுத்தி முன்வரிசைக்கு வந்து, நடுவரிசையை எழுப்பி, கடைசி வரிசையில சிகரெட்டை அணைக்க வெச்சுச்சு. அப்பக் கேட்டேன், "சாக்கடைத் தீர்மானம், யாராவது எதிர்ப்பு?" ஒரு பய வாயைத் தொறக்கலை. தொறந்தா எச்சில் வடியும். முன்மொழிஞ்சாச்சு, வழிமொழிஞ்சாச்சு, அரை நிமிஷம். ஞாயித்துக்கிழமை 40 பேரு வந்தாங்க. வராதவன் பேரை அடுத்த கூட்டத்துல பீஹூன் வரிசையில நிக்கிறப்ப வாசிப்பேன்னு சொல்லியிருந்தேன்ல.

அதனால இந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல வாய்க்காலு, கல்லுக்கட்டு, சரிவுல புல்லு, இந்த மூணையும் ஒரே தீர்மானமா எழுதி வெச்சுக்க. மூணு மொழியிலயும் எழுது. நம்மாளை நம்பாத, அவரு "கல்லு அடுத்த மாசம்"னு சொல்லிடுவாரு. "நம்ம மண்ணு"ன்னே போடு. தவுக்கேமாருங்க, நம்மாளுங்க, அஸ்லிக்காரங்க எல்லாரும் அதுல வந்துடுவாங்க. டி.ஓ.எல். கதையை எவனாவது ஆரம்பிப்பான், வேற யாரு, என் வயசுக்காரன் ஒருத்தன்தான் ஆரம்பிப்பான். அவன் முதல் வாக்கியம் முடிக்கிறதுக்குள்ள மூடியைத் தொறக்கச் சொல்லு. ஏழேமுக்காலுக்கு வந்தவங்களுக்கு முதல் தட்டு குடு, அது உன் மரியாதை.

ஒண்ணு மட்டும் மறந்துடாத. மூடி உன் கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல. நீ போய்ப் பாட்டிக்கிட்டப் பேசணும். அன்னிக்கு நான் கண்ணைக் காட்டினேன்னு சொன்னேனே, அவ அதுக்கு முன்னாலயே மூடியில கையை வெச்சுக்கிட்டு நின்னா. இப்பவும் அவதான் அடுப்படித் தலைவி. அவளுக்குத் தும்மலும் வரலை, சிரிப்பும் வரலை, யாரும் ஓட்டும் போடலை. கல்லுக் கட்டுன்னு அவ சொன்னதை நான் கேக்கலைங்கிறது அவளுக்கு இன்னும் மனசுல இருக்கு. பக்குவமாக் கேளு, பலகாரத்தோட போ.

நான் வெள்ளிக்கிழமை வர மாட்டேன், முட்டி வலி, பனி ஒத்துக்காது. வரும்போது எனக்கு ஒரு பொட்டலம் தப்பாவ் பண்ணிக்கிட்டு வா. நெத்திலி கூடப் போடச் சொல்லு. சம்பல் தனியா.